கேசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ்: பொத்தானில் இருக்கும் குறிகளைப் படிக்கத் தெரிந்தால் அருமையான கருவி

பிளஸ் டூ முடித்து பொறியியல் சேருகிறவர்கள் வாங்கும் கால்குலேட்டர் இது. பின்னம், √, ∫, ∑ எல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே திரையில் வரும். அடித்ததைச் சரிபார்க்க இதைவிட நல்ல வசதி கிடையாது. தவறான விடை வந்தால் பெரும்பாலும் கருவி காரணமல்ல, ஒன்றுபோலத் தெரியும் இரண்டு குறிகளைக் குழப்பிக்கொள்வதுதான்.

முதலில் கழித்தல். அடைப்புக்குள் இருக்கும் (−) எதிர்க்குறி, வலப்பக்கம் + அருகில் இருக்கும் − கழித்தல் செயல். முந்தைய விடை 12 திரையில் இருக்கும்போது −3+8 கணக்கிட வலப்பக்கப் பொத்தானைத் தட்டினால், கருவி பழைய விடையிலிருந்து 3-ஐக் கழித்து 17 என்று காட்டும். சரியான விடை 5. அதேபோல் −2² என்றால் −4. எதிர் இரண்டின் வர்க்கம் வேண்டுமானால் (−2)² என்று அடைப்புடன் அடிக்க வேண்டும்.

பெருக்கல் குறியை விட்டு எழுதினால் அந்தப் பெருக்கலுக்கே முன்னுரிமை. 1÷2π அடித்தால் 0.159; 1÷2×π அடித்தால் 1.571. அதிர்வெண் சூத்திரங்களில் மதிப்பெண் போவது இங்கேதான். பின்னப் பொத்தானில் மேலும் கீழும் தனித்தனியாக எழுதிவிட்டால் இந்தக் குழப்பமே வராது. பத்தின் அடுக்குக்கும் தனிப் பொத்தான் இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும். 6×10³÷2×10³ என்று × தட்டி நீட்டி அடித்தால் 3-க்குப் பதில் 30,00,000 வரும்.

சைன் மேல் இருக்கும் −1 ஒன்றைச் சைனால் வகுக்கும் தலைகீழ் அல்ல, கோணத்தைத் திருப்பித் தரும் குறி. 0.5 கொடுத்தால் 30. அந்தத் தலைகீழான கோசெக் 30 வேண்டுமானால் சைன்(30) அடித்து, அடைப்பை மூடி, தனியாக இருக்கும் அடுக்கு −1 பொத்தானைத் தட்டுங்கள், 2 வரும்.

திரையின் மேல் ஓரத்தில் சின்னதாக நிற்கும் டிகிரி, ரேடியன் குறியைப் பார்க்காமல் ∫ தொடாதீர்கள். 0 முதல் π வரை சைனின் தொகையீடு 2. டிகிரியில் விட்டுவிட்டால் 0.0861 என்று வரும், பிழை என்று எந்த எச்சரிக்கையும் இருக்காது. ஷிப்ட், மோட், 4 தட்டினால் ரேடியன். 3 தட்டினால் டிகிரி.

புள்ளியியலில் திட்டவிலக்கத்துக்கு இரண்டு குறிகள்: σ மொத்தத் தரவுக்கு, பக்கத்தில் இருக்கும் எஸ் அதிலிருந்து எடுத்த மாதிரித் தரவுக்கு. 2, 4, 4, 4, 5, 5, 7, 9 கொடுத்தால் σ 2, எஸ் 2.138. முன்னதில் எட்டால் வகுக்கிறது, பின்னதில் ஏழால்.

உண்மையான குறை, சமன்பாட்டுக்கு விடை தேடித் தரும் சால்வ் வசதியில். அதற்குள் எழுதும் = சிவப்பு நிறத்தது; ஆல்ஃபா தட்டி கால்க் தட்டினால்தான் வரும். மேலும் ஒரு மூலத்தை மட்டுமே தரும். x²−5x+6=0 சமன்பாட்டுக்குத் தொடக்க மதிப்பு 0 கொடுத்தால் 2, 10 கொடுத்தால் 3. இரண்டும் வேண்டுமென்றால் மோட் 5-இல் இருபடிச் சமன்பாட்டைத் தேர்ந்தெடுங்கள்.

கேசியோவின் புதிய கிளாஸ்விஸ் சிடபிள்யூ வகையில் காரணீயக் குறி (!) உட்படப் பல குறிகள் பொத்தான்களை விட்டு கேட்டலாக் பட்டியலுக்குள் போய்விட்டன. தேர்வறை வேகத்துக்கு இஎஸ் பிளஸ்தான் என் தேர்வு. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுதுகிறவர்களுக்கு மட்டும் இது உதவாது. அங்கே திரையில் தரும் கால்குலேட்டரைத்தான் பயன்படுத்த முடியும்.