வெளியூரில் வாங்கிய வாகனம்: ஓட்டி வருவதா, ஏற்றி வருவதா?

திருகோணமலைக்குப் பக்கத்தில் கிண்ணியாவில் இருக்கும் நண்பர் ஒருவர் தெற்கே மாத்தறையில் ஒரு டொல்பின் வான் பார்த்து வைத்திருக்கிறார். விலையும் பேசி முடிந்துவிட்டது. போன வாரம் என்னிடம், “தம்பி, கேரியர் லொறியில ஏத்தி எடுக்கவா, நானே ஓட்டிக்கொண்டு வரவா?” என்று கேட்டார். இரண்டு வழியிலும் ஒவ்வொரு காரைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தவன் என்பதால் கேட்டிருப்பார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் விற்பனைக்கு வருகிற வாகனங்கள் குறைவு. வருகிறவற்றிலும் கடற்காற்று பட்டுக் கதவின் அடிப்பக்கம் துரு பிடித்தவை நிறைய. அதனால் கம்பஹா, குருநாகல், கண்டி என்று உள்நாட்டுப் பக்கம் போய்த் தேடுகிறோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வாகனங்களின் விலை எங்கே ஏறிப் போனது என்று எல்லாருக்கும் தெரியும். அவ்வளவு காசு கொடுத்து வாங்குவதை வீட்டு வாசல்வரை பத்திரமாகக் கொண்டுவர வேண்டும் என்று நினைப்பது நியாயம்தான்.

செலவைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கேரியர்காரர் வெறும் வண்டியோடு திரும்பிப் போக வேண்டியிருப்பதால் அந்தத் தூரத்துக்கும் சேர்த்தே கேட்பார். ஓட்டி வந்தால் பெற்றோல் காசும் சாப்பாட்டுக் காசும்தான். மோட்டார் சைக்கிள் என்றால் ரயில் நல்ல வழி. என் மைத்துனர் கொழும்புக் கோட்டையிலிருந்து பார்சலாகப் போட்டு எடுத்தார், தாங்கியில் இருந்த பெற்றோலை இறக்கிவிட்டுத்தான் ஏற்றினார்கள். சம்பளத்துக்குச் சாரதி பிடித்து அனுப்பச் சொல்வதும் உண்டு. அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஏன் என்பது கீழே வரும்.

என் கட்சி ஓட்டி வருவதுதான். அதற்குக் காரணம் செலவு அல்ல, குறை எப்போது வெளியே வருகிறது என்பது.

முதல் கார் கண்டியில் வாங்கிய பழைய டீசல் கார். புதிதாக வாங்கியதைப் போகிற வழியில் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்ற பயத்தில் லொறியில் ஏற்றினேன். கயிற்றை முன் பம்பருக்கு மேலாகப் போட்டு இறுக்கியதில் அதில் ஒரு வெடிப்பு வந்தது, அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பதினேழு நாள் ஊருக்குள்ளேயே ஓடினேன். உவர்மலையிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து பள்ளிக்கு. ஒரு குறையும் தெரியவில்லை. பதினெட்டாம் நாள் வவுனியாவுக்குப் புறப்பட்டோம். ஹொரவப்பொத்தானையைத் தாண்டுவதற்குள் பொனற்றுக்குள்ளிருந்து ஆவி வந்தது. ஹெட் கஸ்கற், அதாவது என்ஜின் தலைக்கு அடியில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் தகடு, போயிருந்தது. விற்றவருக்கு எடுத்துச் சொன்னபோது, “நான் தரும்போது நல்லாத்தானே இருந்தது” என்றார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. இந்தப் பதினேழு நாளில் நான் என்ன செய்தேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

லொறியில் வந்த கார் தன் குறையையும் சேர்த்து மூடிக்கொண்டு வந்து இறங்கியது. நான் இன்றைக்கும் மறக்காத விஷயம் அதுதான்.

இரண்டாவது, 800 சிசி சின்னப் பெற்றோல் கார், கம்பஹாவில். அதை ஓட்டி வந்தேன். யக்கலவில் கண்டி வீதியில் ஏறி, அம்பேபுஸ்ஸவில் ஏ6 வீதிக்குத் திரும்பி, குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஏறக்குறைய 240 கிலோமீற்றர். கம்பஹா நகரத்துக்குள் ஓடிய கார் அது. ஒரே வேகத்தில் ஒரு மணித்தியாலம் ஓடிப் பல வருடம் ஆகியிருக்கும். பொல்கஹவெலவை நெருங்கும்போது வெப்ப ஊசி பாதியைத் தாண்டி மெல்ல ஏறியது. ஓரமாக நிறுத்தி என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். மின்விசிறி சுற்றியது, ஊசி இறங்கியது. மறுபடி வேகம் எடுத்தால் ஏறுகிறது.

இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நெரிசலில் நிற்கும்போது சூடேறி, ஓடும்போது இறங்கினால் விசிறிப் பக்கம் சந்தேகப்பட வேண்டும். ஓடும்போது காற்றே போதும் என்பதால் விசிறிக்கு அங்கே வேலை இல்லை. அதற்கு எதிராக, நிற்கும்போது சரியாக இருந்து, வேகத்தில் ஏறினால் தண்ணீர் ஓட்டத்தில் கோளாறு: றேடியேற்றர் அடைப்பு, தண்ணீர் பம்ப், தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தேர்மோஸ்டாட், இவற்றில் ஒன்று. றேடியேற்றர் மூடியையும் சும்மா நினைக்கக் கூடாது. அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீரின் கொதிநிலை உயர்கிறது. மூடியின் றப்பர் தளர்ந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். சூடாக இருக்கும்போது அதைத் திறந்து பார்க்கிறேன் என்று கை வைத்துவிடாதீர்கள், அந்த அழுத்தம் முழுவதும் முகத்துக்குத்தான் வரும்.

மெல்ல ஓட்டிக் குருநாகலுக்கு வந்து ஒரு கராஜில் காட்டினேன். றேடியேற்றருக்குள் பாதி துரு, மூடியும் பழசு. அங்கிருந்தே விற்றவருக்கு அழைப்பு எடுத்து மெக்கானிக்கிடமே போனைக் கொடுத்தேன். இருவரும் சிங்களத்தில் பேசினார்கள். சாவி கைமாறி மூன்று மணித்தியாலம்கூட ஆகவில்லை. மறுக்க அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை, மறுக்கவும் இல்லை. செலவில் பாதியை அன்றைக்கே வங்கிக்குப் போட்டுவிட்டார். அதே றேடியேற்றரை இரண்டு வாரம் கழித்துத் திருகோணமலையில் கண்டுபிடித்திருந்தால் ஒரு சதமும் வந்திருக்காது. சூட்டோடு சூடாக ஹெட் கஸ்கற்றும் போயிருக்கும்.

சாரதியை அனுப்புவதை நான் ஏற்காததற்கும் இதுதான் காரணம். சொந்தக் காசு போட்டவன் ஊசியைப் பார்ப்பதுபோல் இன்னொருவர் பார்க்க மாட்டார். ஊசி ஏறினாலும் வீடு வந்து சேர்வதுதான் அவருடைய வேலை. சில சின்னக் கார்களில் ஊசியே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்தால் ஏற்கெனவே தாமதம். அப்படியான காருக்கு, காரின் கணினியை வாசிக்கும் ஓபிடி கருவி ஒன்று வாங்கிச் செருகினால் கைப்பேசியிலேயே வெப்பநிலை தெரியும். 90 பாகை செல்சியஸ் அளவில் நின்றால் கவலை இல்லை.

மீரிகமவிலிருந்து குருநாகல்வரை 2022 ஜனவரியில் திறந்த அதிவேகப் பாதை இருக்கிறதே என்று கேட்பீர்கள். பழகிய காருக்கு அது அருமையான பாதை. பழகாத காரை அதில் விட வேண்டாம். பழைய வீதியில் போனால் கூப்பிடு தூரத்தில் ஒரு கராஜோ தேநீர்க் கடையோ இருக்கும், தண்ணீர் கேட்டு வாங்கலாம்.

அப்புறம் நேரம். ஹபரணையிலிருந்து கந்தளாய்வரை யானை கடக்கும் இடங்கள். பின்னேரம் மூன்று மணிக்கு முன் ஹபரணையைத் தாண்டுகிற கணக்கில் புறப்பட வேண்டும். வழியில் பழுது பார்க்கவும் நேரம் ஒதுக்கினால், காலை ஆறு மணிக்கே சாவி கையில் இருக்க வேண்டும். முதல் நாளே போய்த் தங்கிக் கடதாசி வேலைகளை முடித்துவிடுங்கள். கைமாற்றப் படிவத்தில் விற்றவரின் கையெழுத்து, அவருடைய அடையாள அட்டைப் பிரதி, பதிவுப் புத்தகம், செல்லுபடியாகும் ரெவனியூ லைசன்ஸ், இவற்றோடு உங்கள் பெயரிலேயே இன்சூரன்ஸ். விற்றவரின் இன்சூரன்ஸை நம்பி 240 கிலோமீற்றர் ஓடக் கூடாது.

ஏற்றித்தான் வரவேண்டிய வாகனங்களும் உண்டு. விபத்தில் அடிபட்டது, பிரேக்கில் சந்தேகம் உள்ளது, ரயர் கிழடானது. ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ரயரின் பூ (தரையில் படும் வரிகள்) தேயாமல் நன்றாக இருந்தாலும் அந்த வயது ரயரில் நெடுந்தூரம் போக நான் துணிய மாட்டேன். ஏற்றுவதாக முடிவெடுத்தால் சரிந்து இறங்கும் தட்டு உள்ள கேரியராகப் பாருங்கள், பட்டியைச் சில்லில் கட்டச் சொல்லுங்கள், ஏற்றுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். மின்சாரக் கார், ஹைபிரிட் இரண்டையும் நான் இதுவரை வாங்கியதில்லை. அவற்றுக்கு என் சொல்லை எடுக்காமல், வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்.

நண்பரின் வானுக்கு வருவோம். மாத்தறையிலிருந்து திருகோணமலை 400 கிலோமீற்றருக்கு மேல். ஒரு பகலில் முடிகிற தூரம் அல்ல, நடுவில் ஓர் இரவு தங்க வேண்டும். அது அவருக்குப் பெரிய பிரச்சினை இல்லை, கொழும்பில் அவருடைய மகள் இருக்கிறார். எனக்கு யோசனையாக இருந்தது டைமிங் பெல்ட், அதாவது என்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் பட்டி. டொல்பின் டீசல் என்ஜினில் அது உண்டு. சூடேறினால் ஊசி காட்டும், பெல்ட் அறுவதற்கு முன் எதுவும் காட்டாது, அறுந்தால் வால்வுகளும் சேர்ந்து போகும். எப்போது மாற்றியது என்று விற்பவரைக் கேட்டால், “ஞாபகம் இல்லை” என்கிறாராம்.

“அப்படியென்றால் நானா (அண்ணன்), மாத்தறையிலேயே பெல்ட்டை மாற்றிப்போட்டு ஓட்டிக்கொண்டு வாங்க. விற்கிறவர் அதுக்கு மறுத்தால் ஏத்தியே எடுங்க” என்றேன். அடுத்த வெள்ளி தொழுகை முடிந்து புறப்படுகிறார். பெல்ட் மாற்ற மாத்தறையில் ஒரு கராஜில் நாள் கேட்டு வைத்திருக்கிறார்.