எபோனைட் மைப்பேனா: மூன்று வருட தினசரி உபயோகத்துக்குப் பிறகு

திருவள்ளூர் ரங்கா, சென்னை பாரிமுனை ஜெம் அண்ட் கோவின் காமா, ராஜமுந்திரி ரத்னம் என எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாக்கள் இன்றும் கிடைக்கின்றன. ஃபில்லரால் உடம்புக்குள்ளேயே நேராக மை ஊற்றும் பழைய வகையைப் பற்றியது இந்தக் குறிப்பு. காலையில் அலுவலகம், இரவில் கதை எழுதுவது, ஞாயிற்றுக்கிழமை கடிதம் என மூன்றுக்கும் ஒரே பேனா போதுமா என்றால், இரண்டரைக்குப் போதும்.

முதலில் கொள்ளளவு. உடம்பு முழுவதும் மைதான் என்பதால் 3 மி.லி. தாராளமாகப் பிடிக்கும். மை அடைத்தே வரும் சின்ன கார்ட்ரிட்ஜ் கொள்வது சுமார் 0.8 மி.லி.தான். தினம் மூன்று நான்கு பக்கம் எழுதினால் ஒரு முறை நிரப்பியது எட்டு, ஒன்பது நாள் வரும். ஆனால் கடைசிச் சொட்டு வரை எழுதலாம் என்று நினைத்தால் சட்டைப்பைதான் பலி. மை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியதும் உள்ளே காற்று அதிகமாகிறது. கைச்சூட்டில் அது விரிந்து மையைத் தள்ள, பேனா கக்குகிறது. எபோனைட் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும் என்பதால் உலோகப் பேனா அளவுக்கு மோசமில்லை. இருந்தாலும் சென்னை மே மாதம் சென்னை மே மாதம்தான். மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதே நிரப்பிவிட வேண்டும். பைக்கில் போகும்போது நிப்பு மேலே பார்த்தபடி இருக்கட்டும். இல்லாவிட்டால் குலுங்கிய மை மூடிக்குள் தேங்கி, திறக்கும்போது விரலெல்லாம் நீலம்.

கழுத்து மரையில் சிலிக்கான் கிரீஸ் ஒரு கடுகளவு தடவினால் கசிவு நிற்கும். வாஸ்லின் வேண்டாம். அது பெட்ரோலியப் பொருள், ரப்பருக்கு ஆகாது. எபோனைட்டும் கந்தகம் அதிகம் சேர்த்து இறுக்கிய ரப்பர்தான். கிரீஸ் கிடைக்காத ஊரில் பிளம்பர் கடை டெஃப்லான் டேப்பை ஒரே ஒரு சுற்று சுற்றலாம். இரண்டு சுற்று போட்டால் மரை பிடிக்காது.

இனி முக்கியமான விஷயம், நிப்பு. வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்துவிட்டு மீடியம் வாங்குகிறவர்கள் தமிழ் எழுதும்போது மாட்டிக்கொள்கிறார்கள். மீடியம் கோடு சுமார் 0.6 மி.மீ. சாதாரணக் கோடு போட்ட நோட்டில் எழுதினால் ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், ‘ணு’ வெறும் மைத்திட்டாகும். தமிழுக்கு மெல்லிய ‘ஃபைன்’ நிப்புதான். பெரிய எழுத்துக்காரர்கள் மட்டும் மீடியத்தை யோசிக்கலாம்.

அடுத்த சோதனை புள்ளி. ஆங்கிலத்தில் ‘i’க்கு மேலே புள்ளி விழாவிட்டாலும் சொல் புரிந்துவிடும், தமிழில் மெய்யின் புள்ளி விழாவிட்டால் ‘பட்டம்’ ‘படடம’ ஆகிவிடும். நிப்பு முனையை அளவுக்கு மீறி வழவழப்பாக்கியிருந்தால் பிளவின் வாய் காகிதத்தைத் தொடாமல் சற்று மேலேயே நின்றுவிடும். கோடு இழுத்தால் மை வரும். சும்மா தொட்டு எடுத்தால் வராது. அதனால் கடையில் கையெழுத்துப் போட்டுப் பார்த்து வாங்குவதில் பயனில்லை. ‘இன்னொன்று’, ‘கண்ணுக்குள்’, ‘கூழ்’ என்று பத்து முறை எழுதிப் பார்க்க வேண்டும். பேனாவை அழுத்தாமல் 45 முதல் 55 டிகிரி சாய்வில் பிடித்து எழுதியும் புள்ளி தவறினால் வேறு நிப்பு கேட்டு வாங்குங்கள். பிளவுக்குள் பிளேடு விட்டு ‘சரிசெய்யும்’ பள்ளிக்கூட வைத்தியம் பிளவை அகலமாக்கும், அவ்வளவுதான்.

மை அடிக்கடி நின்று நின்று வந்தால், நிப்புக்கும் அதன் கீழே மையைக் கொண்டுவரும் கட்டைக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். இடைவெளி இருந்து, கட்டையும் எபோனைட் என்றால் கொதித்து இறக்கிய நீரில் நிப்புப் பகுதியை மட்டும் அரை நிமிடம் முக்கி, துணியால் பிடித்துக் கட்டையை நிப்போடு அழுத்தி அப்படியே ஆறவிட வேண்டும். பிளாஸ்டிக் கட்டைக்கு இது பலிக்காது. உடம்பைச் சுடுநீரில் போட்டுவிடாதீர்கள், கறுப்பு மங்கிப் பழுப்பாகும்.

அலுவலகத்தில்தான் அந்த அரை குறைகிறது. கார்பன் வைத்த செலானுக்கும் ரசீதுக்கும் பால்பாயிண்டின் அழுத்தம் வேண்டும். 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம்) நகல் தாளில் மை நரம்பு நரம்பாய் ஊறி மறுபக்கம் தெரியும். 80 ஜி.எஸ்.எம். தாளிலும் பழைய லெட்ஜர் நோட்டிலும் பிரச்சினை குறைவு. ராயல் புளூ நீரில் கரையும் மை, எனவே காசோலைக்கும் ஆவணத்துக்கும் நீரில் அழியாத மை வேண்டும். (பச்சை மையை ஆசைக்கு ஊற்றிக்கொண்டு அலுவலகம் போகாதீர்கள், கெஜட்டட் அதிகாரியா என்று கேட்பார்கள்.)

கதை எழுத இதைவிட நல்ல கருவி இல்லை. அழுத்தவே தேவையில்லாததால் பத்துப் பக்கம் எழுதினாலும் நடுவிரலில் காய்ப்பு வராது. ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதினால் திருத்தத்துக்கு இடம் இருக்கும். பக்கத்தின் மேல்பாதியில் நன்றாக எழுதும் பேனா கீழ்ப்பாதியில் திடீரென்று தடுமாறினால் நிப்பைச் சந்தேகிக்க வேண்டாம். உள்ளங்கை வியர்வையும் எண்ணெய்ப்பசையும் தாளில் படிந்து மையை ஒட்டவிடாமல் செய்கின்றன. கைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்தால் போதும். வழவழப்பான தாளில் மை உலர 10, 15 விநாடி ஆகும். அவசரமாகப் பக்கம் திருப்புகிறவர்கள் பழையபடி சாக்பீஸை உருட்டலாம்.

இன்லேண்ட் லெட்டருக்கும் இந்தப் பேனா பொருந்தும். உள்ளே எழுதியது மடிப்புக்குள் பத்திரம். வெளியே முகவரிதான் மழையில் கரையும். மை காய்ந்ததும் அதன் மேல் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்துவிடுவது பழைய வழி, இன்றும் வேலை செய்கிறது. அதுவும் முடியாதென்றால் முகவரியை மட்டும் பால்பாயிண்டில்.

பராமரிப்பு பெரிதல்ல. மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மை மாற்றும்போது கட்டாயமாக, தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை கழுத்தை அலச வேண்டும். போர் தண்ணீரில் அலசினால் உப்புப் படியும்; கடைசி அலசலாவது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் இருக்கட்டும். கோடையில் மை சுண்டி அடர்ந்தால் அதே நீரில் இரண்டு சொட்டு விடலாம். இரண்டு கம்பெனி மையைக் கலந்தால் சில சமயம் திரிந்து அடைக்கும். புட்டிக்குள் நூல் மாதிரி பூஞ்சை மிதந்தால் புட்டியோடு தூக்கிப் போடுங்கள். படம் வரையும் இந்தியன் இங்க்கை மட்டும் எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள். அதில் உள்ள அரக்கு உலர்ந்து இறுகிவிட்டால் கட்டையை மாற்றுவதைத் தவிர வழியில்லை.