பொதுப் பட்டறைக்கு சிங்க் வைக்கிறீர்களா? பணம் கொடுக்கும் முன் குனிந்து பாருங்கள்

எங்கள் பொதுப் பட்டறையில் மூன்று சிங்க் வைத்தோம். ஒன்று களிமண், பிளாஸ்டர் வேலை செய்கிறவர்களுக்கு. ஒன்று பெயின்ட் பிரஷ் கழுவ. ஒன்று கை கழுவ மட்டும். வைத்துக் கொடுத்தவர் இப்போது போனை எடுப்பதில்லை. பெயரை எழுதப் போவதில்லை. அவர் செய்ததை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதையே செய்ய அவர் ஒருவர்தான் இருக்கிறார் என்று நான் நம்பவில்லை.

வந்த அன்றே பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து சிங்க்கில் வைத்தார். ஒட்டவில்லை. "பாருங்க சார், அசல் 304" என்றார். 304 என்பது துருப்பிடிக்காத எஃகில் (எஸ்.எஸ்.) ஒரு தரம். நாங்களும் தலையாட்டினோம். சில மாதத்தில் வெல்டிங் ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளி. அப்புறம் வந்த வயதான பிளம்பர் ஒருவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: 202 என்கிற மலிவான தரத்திலும் காந்தம் ஒட்டாதாம். 304-இல் நிக்கல் சுமார் 8 சதவீதம் இருக்கும். 202-இல் அதைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று, துரு பிடிக்கும் வேகம் வேறு. காந்தம் ஒட்டினால் சந்தேகப்படலாம். ஒட்டவில்லை என்பதால் நம்பிவிடக் கூடாது. பில்லில் "எஸ்.எஸ். சிங்க் - 3" என்று மட்டும்தான் இருந்தது. தரம் எழுதியிருக்கவில்லை, ஆகவே சண்டை போடவும் வழியில்லை.

சிங்க் கூடப் பரவாயில்லை. உண்மையான ஏமாற்று வேலை அடியில் இருந்தது.

சுவரோரமாக பிளைவுட் அடித்து, பைப் எல்லாவற்றையும் அழகாக மூடிக் கொடுத்தார். திறக்க ஒரு கதவு கூட இல்லை. நாங்கள் அதைப் பார்த்து "சுத்தமான வேலை" என்று பாராட்டினோம், வெட்கமாகத்தான் இருக்கிறது. பெயின்ட் சிங்க்கை நிரப்பித் திறந்துவிட்டால் பக்கத்து சிங்க் களக் களக் என்று சத்தம் போடும், பின்னாலேயே சாக்கடை வாடை வரும். கடைசியில் பிளைவுட்டைப் பெயர்த்தோம். மூன்று சிங்க்கும் ஒரே 32 மி.மீ. பைப்பில் சேர்ந்திருந்தன. டிராப் என்று எதுவும் தனியாக இல்லை. நெளி நெளியான பிளாஸ்டிக் பைப்பையே வளைத்துக் கம்பியால் கட்டியிருந்தார். டிராப்பின் வளைவில் சுமார் 50 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால்தான் வாடை மேலே வராது. இங்கே காற்றுக் குழாயும் இல்லை என்பதால், ஒரு சிங்க்கின் தண்ணீர் வேகமாக இறங்கும்போது மற்ற வளைவில் நிற்கிற தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

வாட்டம்? மீட்டருக்கு 20 முதல் 25 மி.மீ. இறக்கம் இருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் நடுவில் பைப் மேல்நோக்கி ஏறியது.

பில்லில் "மண் தொட்டி" என்று ஒரு தொகை இருந்தது. களிமண் தண்ணீர் முதலில் ஒரு தொட்டியில் தங்கி, மண் அடியில் படிந்து, மேலே தெளிந்தது மட்டும் வெளியேற வேண்டும். அதற்குத்தான் அந்தத் தொட்டி. அவர் வைத்திருந்ததோ ஒரு வெறும் பிளாஸ்டிக் டப்பா. தடுப்பு கிடையாது, வெளியேறும் ஓட்டை அடிமட்டத்திலேயே. வந்த மண் வந்த வேகத்தில் பைப்புக்குள் போயிருக்கிறது.

அடைப்பு ஏற்பட்டபோதெல்லாம் பராமரிப்பு ஒப்பந்தத்தில் வந்தார், அதற்கும் முன்பணம் வாங்கியிருந்தார். மூன்று முறை வந்தார், மூன்று முறையும் ஆசிட். படிந்த களிமண்ணை ஆசிட் கரைக்காது. ஆனால் துருப்பிடிக்காத எஃகைக் குத்திக் குத்தி அரித்துவிடும். சிங்க்கின் ஓட்டையில் பைப்பை இணைக்கும் வேஸ்ட் கப்ளிங் கறுத்ததே அதனால்தான். முந்தின நாள் யாராவது அதே பைப்பில் பிளீச் ஊற்றியிருந்தால் குளோரின் வாயு கிளம்பியிருக்கும், நினைத்தாலே பதறுகிறது.

"உங்க ஆட்கள்தான் கண்டதையும் கொட்டுறாங்க" என்று எங்கள் மேலேயே பழி போட்டார். அதில் பாதி உண்மை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிளாஸ்டர் வாளியை சிங்க்கிலேயே அலசியவர்கள் எங்களிலும் உண்டு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகும், தண்ணீருக்கு அடியிலும் இறுகும். பைப்பில் போனால் கல்தான். ஆனால் மீதிப் பாதி அவர் வேலை.

நீங்கள் வைப்பதாக இருந்தால் சிங்க்கின் தரம், பைப்பின் அளவு, தொட்டியின் உள்ளமைப்பு எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். மூடுவதற்கு முன்பே அடிப்பகுதியைப் படம் எடுத்து வையுங்கள். எல்லா சிங்க்கையும் நிரப்பி ஒரே நேரத்தில் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். கடைசித் தவணை அதற்குப் பிறகுதான். நாங்கள் முழுப் பணத்தையும் வேலை முடிந்த அன்றே கொடுத்துவிட்டோம், அவ்வளவுதான் கதை.

இப்போது அந்த வயதான பிளம்பர் வந்து ஒவ்வொரு சிங்க்குக்கும் தனி டிராப், அகலமான பைப், இரண்டு தடுப்பு வைத்த தொட்டி என்று மாற்றிக் கொடுத்திருக்கிறார். சிங்க்குக்கு வரும் தண்ணீரை அடைக்கும் ஆங்கிள் காக்கும் தனித்தனியாக, ஒன்று கெட்டால் மற்றவை ஓடும். பிளாஸ்டர் வாளிக்கு சிங்க் பக்கமே அனுமதியில்லை; இறுக விட்டு, உடைத்துக் குப்பையில் போடுகிறோம். தொட்டியில் படிந்த மண்ணை வாரம் ஒருவர் முறை வைத்து அள்ளுகிறோம். பெயின்ட் சிங்க்கை மட்டும் இன்னும் மாற்றவில்லை. புதிதாகச் சேர்கிறவர்கள் அந்தத் துருவைத் தாங்கள் சிந்திய பெயின்ட் என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.