பிரெஞ்சு வில்லா, ஜெர்மன் வில்லா? டபுள் பேஸ் பிழைப்பில் மாற்ற முடிந்ததும் முடியாததும்

ஆளுயர வில் வாத்தியமான டபுள் பேஸை வாசித்தும் சொல்லிக்கொடுத்தும் சம்பாதிக்கலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தப் பேஸ் வாங்கலாம்?" என்றுதான். அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரவேண்டிய கேள்வி. பேஸ் பிடிக்கவில்லை என்றால் விற்றுவிடலாம், பணம்தான் போகும். வலது கை பழகிப்போன வில் பிடிப்பை விற்க முடியாது. அதனால் இங்கே ஒவ்வொரு தேர்வையும் ஒரே அளவுகோலால் பார்ப்போம்: பின்னால் மனம் மாறினால் என்ன போகும்? பணமா, மாதங்களா, ஆண்டுகளா?

வில்: திரும்பி வரக் கடினமான பாதை

பிரெஞ்சு வில்லை வயலின், செல்லோ வில்லைப் போலவே மேலிருந்து பிடிப்பார்கள். ஜெர்மன் வில்லில், முடியைப் பிடித்திருக்கும் கட்டை உயரமாக இருக்கும். கை பக்கவாட்டில் உள்ளே போகும், கிட்டத்தட்ட ரம்பம் பிடிப்பது போல. கட்டைவிரல் குச்சியின் மேல், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் குச்சியின் பக்கத்தில், சுண்டுவிரல் கட்டைக்கு அடியில். வயோலா ட காம்பா குடும்பத்தின் பிடிப்போடு இதற்கு உறவு உண்டு.

"ஜெர்மன் வில் சத்தத்துக்கு, பிரெஞ்சு வில் வேகத்துக்கு" என்று ஒரு பேச்சு உலவுகிறது. நம்ப வேண்டாம். அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ராக்களில் இரண்டு பிடிப்பும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே பகுதியை வாசிக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யார் எந்த வில் என்று பிரித்துச் சொல்வது கடினம். உண்மையான வித்தியாசம் தவறுகளில்தான் இருக்கிறது. சொல்லிக்கொடுக்கப் போகிறவருக்கு அதுதான் முக்கியம்.

பிரெஞ்சில் தவறு பெரும்பாலும் வில்லின் நுனியில் தெரியும். கையிலிருந்து நுனி தூரம் போகப் போக எடை குறையும். அதை ஈடுகட்ட முன்கை உள்பக்கம் சுழன்று, ஆள்காட்டி விரல் வழியாக எடை இறங்க வேண்டும். மாணவர் சுழற்றாமல் கட்டைவிரலை இறுக்குவார். விரல் மூட்டு பின்னோக்கி மடங்கிப் பூட்டிக்கொள்ளும், வலது தோள் காதை நோக்கி ஏறும், நாதம் சன்னமாகி விசிலடிக்கும். "அழுத்து" என்று சொன்னால் இன்னும் மோசமாகும். மெட்ரோனோமை 60-இல் வைத்து, விரல் வைக்காத திறந்த இ தந்தியில் வில்லின் நுனிப் பாதியில் மட்டும் நான்கு எண்ணிக்கைக்கு ஒரு வீச்சு என்று வாசிக்கவைத்து, தோளைத் தொட்டுக் காட்டினால் சீக்கிரம் புரியும்.

ஜெர்மனில் தவறு வில்லின் பாதையில் தெரியும். வில்லின் நுனி தரையைப் பார்த்துச் சரியும், தந்திக்குச் செங்குத்தாக நிற்காது, தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் விரல் பதிக்கும் விரற்பலகைக்கும் நடுவே அலையும். மணிக்கட்டு உள்ளே மடங்கியிருந்தால் இது நடந்தே தீரும். பக்கவாட்டில் ஒரு கண்ணாடி வைப்பதுதான் மருந்து. சிறு கைக்குப் பெரிய கட்டை கொடுப்பது இன்னொரு வழக்கமான பிழை. உள்ளங்கை நிறையாவிட்டால் பிள்ளை விரலால் கவ்வத் தொடங்கும்.

இனி ஊர்க்கணக்கு. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பேஸ் வரிசை கிட்டத்தட்ட முழுக்க ஜெர்மன் வில்தான். பிரான்சிலும் இத்தாலியிலும் பிரெஞ்சு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இரண்டும் செல்லும். மக்கள் பணத்தில் நடக்கும் ஆர்க்கெஸ்ட்ராக்கள் ஜெர்மனியில் மட்டும் 120-க்கு மேல் உள்ளன. சம்பளத்தோடு பேஸ் நாற்காலி இத்தனை இருக்கும் நாடு வேறில்லை. எந்த ஊருக்குப் போவோம் என்று முடிவாகாதவருக்கு என் கணிப்பு ஜெர்மன் வில்தான். மூடும் கதவுகள் குறைவு. ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே முதல் வருமானமாக இருக்கப்போகிறது என்றால் பிரெஞ்சு வசதி. வயலினிலிருந்தோ செல்லோவிலிருந்தோ வரும் பிள்ளைக்குப் பாதிப் பிடிப்பு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறினால், நீள வீச்சு ஒழுங்காக வர ஆறு மாதம் ஆகும். வில் தந்தியிலிருந்து துள்ளும் ஸ்பிக்காட்டோ பழைய தரத்துக்கு வர ஓராண்டுக்கு மேல். அந்த இடைவெளியில் ஆடிஷன், அதாவது வேலைக்கு வாசித்துக் காட்டும் தேர்வு, எதற்கும் போக முடியாது. இருப்பினும் ஆசிரியர் தன் பிடிப்பை மாற்றாமலேயே மற்றதில் முதல் இரண்டு ஆண்டுப் பாடத்தை வாசித்துக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மலிவான வில் ஒன்று போதும்.

கீழ் ஸ்வரங்கள்: ஐந்தாம் தந்தியா, எக்ஸ்டென்ஷனா?

நான்கு தந்திப் பேஸில் அடித்தந்தி இ, 41.2 ஹெர்ட்ஸ். பீத்தோவன் ஐந்தாம், ஆறாம் சிம்பொனிகளிலேயே பேஸுக்கு அதற்குக் கீழேயும் எழுதியிருக்கிறார். அங்கே போய்ச் சேர இரண்டு வழி உண்டு.

ஜெர்மன் வழி, ஐந்தாவது தந்தி. சுருதி பி, 30.9 ஹெர்ட்ஸ். ஜெர்மானியர் அந்த ஸ்வரத்தை 'ஹா' என்பார்கள். பி எழுத்தை அவர்கள் 'பே' என்று சொன்னால் அது அரை ஸ்வரம் கீழே. முதல் ஒத்திகையில் இதில் தடுமாறாத வெளிநாட்டவர் அரிது. அமெரிக்க வழி, எக்ஸ்டென்ஷன். இ தந்தியையே, விரற்பலகையின் தலைப்பக்க முனையில் தந்தி தங்கும் நட்டுக்கு மேலே தலைப்பக்கம் நீட்டி சி வரை, அதாவது 32.7 ஹெர்ட்ஸ் வரை, இறக்குவது.

எக்ஸ்டென்ஷனின் சிக்கல் கணக்கிலேயே தெரியும். தந்தி நீளம் 105 செ.மீ. என்றால் நான்கு அரை ஸ்வரம் கீழே போக 132 செ.மீ. வேண்டும். நட்டுக்கு மேல் இன்னும் 27 செ.மீ. மெதுவான பகுதியில் கை அங்கே போய் வரலாம். வேகமான ஓட்டத்தில் இடது கை தலைக்கு மேலே ஏறி, உடனே முதல் பொசிஷனுக்கு, அதாவது கை வழக்கமாக நிற்கும் முதல் இடத்துக்கு, இறங்க வேண்டும். சுருதி அங்கேதான் சறுக்கும். வழியில் டி, இ போன்ற இடங்களில் சிறு பூட்டுகள் வைத்துக்கொண்டால், வேண்டிய ஸ்வரத்தைத் திறந்த தந்தியாக்கிவிடலாம். ஆனால் பாட்டுக்கு முன்பே பூட்ட வேண்டும், நடுவில் நேரமிருக்காது. இதற்கென நீளமான இ தந்தி தனியாக விற்கிறது. சாதாரணத் தந்தி எட்டாது.

ஐந்து தந்தியில் கை எங்கும் போக வேண்டியதில்லை. ஆனால் குதிரையின் வளைவில் ஐந்து தந்திகளை நெருக்கி வைத்திருப்பதால் நடுத்தந்தியில் பலமாக இழுத்தால் பக்கத்துத் தந்தியும் சேர்ந்து உறுமும். விரற்பலகை அகலம், சிறிய கைக்குப் பாரம். கூடுதல் தந்தியின் சுமை மேற்பலகையில் ஏறுவதால், சரியாகச் செய்யாத பேஸ் நாதம் அடைத்து ஒலிக்கும்.

மாற்றும் செலவு? எக்ஸ்டென்ஷனை நல்ல கைவினைஞர் பொருத்துவார், பின்னால் கழற்றியும் விடலாம். ஐந்து தந்திப் பேஸ் என்பது வேறொரு வாத்தியம் வாங்குவதே. ஆகவே முதல் பேஸ் நான்கு தந்தியாகவே இருக்கட்டும்.

பாடமுறை: சிமாண்டில், ரபாத்

வியன்னாவின் ஃபிரான்ஸ் சிமாண்டில் (1840–1912) வகுத்த முறையில் இடது கை 1, 2, 4 (ஆள்காட்டி, நடு, சுண்டு) என்ற விரல்களால் மட்டும் ஸ்வரம் பிடிக்கும். மூன்றாம் விரல் நான்காவதற்குத் துணை. காரணம் நீளம். 105 செ.மீ. தந்தியில் முதல் பொசிஷனில் ஒன்றாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் இடையே, ஒரு முழு ஸ்வரத்துக்கு, 10.2 செ.மீ. விரிய வேண்டும். வயலினில் அதே இடத்தில் அதே இடைவெளி 3 செ.மீ. சொச்சம்தான். எனவே விரலை விரிக்காதே, கையோடு நகர்த்து என்கிறார் சிமாண்டில். பொசிஷன்கள் அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக அடுக்கடுக்காக வரும்.

1931-இல் அலெப்போவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஃபிரான்ஸ்வா ரபாத் முழுத் தந்தியையும் ஆறு பொசிஷன்களாக்கினார். கட்டைவிரலை ஓரிடத்தில் வைத்து, கையைச் சாய்த்து முன்னும் பின்னும் எட்டிப் பிடிப்பது இதன் உயிர். நகர்வு குறைவதால் வேகமான பகுதி மிருதுவாக வரும்.

எதில் என்ன கெடும்? சிமாண்டிலில் ஆண்டுக்கணக்கில் நட்டுப் பக்கமே உழல்வதால், உடல் தோளைத் தாண்டிய மேல் பகுதி மாணவருக்கு அந்நியமாகிவிடும். பயிற்சிகளும் வறட்சிதான், பத்து வயதுப் பிள்ளை ஓடிவிடும். ரபாத்தில், சாய்த்து எட்டும்போது எந்த ஸ்வரத்தில் நிற்கிறோம் என்று காது உறுதிசெய்யவில்லை என்றால் சுருதி கலங்கும். சுருதி பிடிபடாத மாணவருக்கு அதைக் கொடுத்தால் கலக்கமே பழக்கமாகும். நல்ல செய்தி, இரண்டையும் கலக்கலாம், செலவு வாரக்கணக்குதான். சிறு பிள்ளைகளுக்கு முதல் மாதத்திலேயே தந்தியின் நடுப்புள்ளி ஹார்மோனிக்கை, அழுத்தாமல் லேசாகத் தொட்டு வாசிக்கும் ரபாத் வழி. ஆர்க்கெஸ்ட்ரா ஆடிஷனுக்குத் தயாராகும் பெரியவருக்கு, கீழ்ப்பகுதியில் சிமாண்டிலின் கண்டிப்பு.

நாற்காலியும் வகுப்பும்

ஜெர்மன் ஆடிஷனான ப்ரோபெஷ்பீலில் முதல் சுற்றிலேயே கான்செர்ட்டோதான் வடிகட்டும். பெரும்பாலும் டிட்டர்ஸ்டோர்ஃப் அல்லது வன்ஹால், அடுத்து பொட்டெசினி அல்லது குஸவிட்ஸ்கி எழுதியது. இவற்றைச் சோலோ சுருதியில், அதாவது ஒரு முழு ஸ்வரம் மேலே ஏற்றி வாசிப்பார்கள். சாதாரணத் தந்தியையே முறுக்கி ஏற்ற நினைக்காதீர்கள். இழுவிசை சுமார் 26 சதவீதம் கூடும், குதிரையும் மேற்பலகையும் தாங்காமல் போகலாம். சோலோ தந்தித் தொகுதி தனி. ஆர்க்கெஸ்ட்ரா பகுதிகளுக்கு ஐந்து தந்தி வேண்டும் என்பதால், நடைமுறையில் இரண்டு பேஸ் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். வென்றாலும் முதல் ஆண்டு சோதனைக்காலம். முடிவில் சக வாசிப்பாளர்கள் ஓட்டுப் போட்டுத்தான் வேலை நிரந்தரம்.

அமெரிக்காவில் எடை ஆர்க்கெஸ்ட்ரா பகுதிகள் பக்கம் சாயும்: மொசார்ட்டின் 35-ஆம் சிம்பொனி, பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனியின் மூன்றாம் பகுதி, ஒன்பதாம் சிம்பொனியில் பேச்சு போல வரும் ரெசிட்டட்டிவ், ஷ்ட்ராவுஸ். அதோடு பாக் செல்லோ சூட்டில் ஒரு துண்டு. சோலோ சுருதி பொதுவாக வேண்டியதில்லை. திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குழு முதல் நான்கு நோட்டிலேயே தாளத்தையும் சுருதியையும் எடைபோட்டுவிடும். விமானச் செலவு நம்முடையது. பேஸும் பயணப்பெட்டியும் சேர்ந்து 32 கிலோவைத் தாண்டினால் பல விமானங்கள் ஏற்காது. கழுத்துக் கழலும் பேஸ்கள் பெருகியதற்கு இதுவும் காரணம்.

நாற்காலி கிடைக்கும் வரை, கிடைத்த பிறகும்கூட, வகுப்புதான் வீட்டு வாடகை. ஜெர்மனியில் தனித்து வேலை செய்யும் கலைஞர்களுக்கும் இசை ஆசிரியர்களுக்கும் கே.எஸ்.கே. என்ற சமூகக் காப்பீட்டு நிதி உண்டு. ஆண்டு வருமானம் 3,900 யூரோவைத் தாண்டினால் சேரலாம், முதல் மூன்று ஆண்டுக்கு அந்த வரம்பும் இல்லை. மருத்துவ, ஓய்வூதியக் காப்பீட்டில் பாதியை நிதி கட்டும். 2022 ஜூன் 28 அன்று, ஹெரன்பெர்க் நகர இசைப்பள்ளியில் மணிக்கணக்கில் சொல்லிக்கொடுத்த பியானோ ஆசிரியர் உண்மையில் ஊழியரே என்று கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு பள்ளிகள் ஒன்று நிரந்தர வேலை தருகின்றன, இல்லை மணிநேரத்தைக் குறைக்கின்றன. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் இதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் அப்படிப்பட்ட நிதி இல்லை. ஈடாகப் பள்ளி ஆர்க்கெஸ்ட்ராக்கள் ஏராளம். டெக்சஸ் போன்ற மாநிலங்களில் ஆல்-ஸ்டேட் என்ற மாநில அளவு மாணவர் ஆர்க்கெஸ்ட்ராத் தேர்வுக்கு முந்தைய மாதங்களில் பேஸ் ஆசிரியரின் மாலைகள் நிரம்பிவிடும், கோடையில் காலி. இந்தியாவில் முழுநேரத் தொழில்முறை ஆர்க்கெஸ்ட்ரா என்றால் 2006-இல் மும்பையில் தொடங்கிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாதான். சென்னையில் ரெக்கார்டிங், ஜாஸ், டிரினிட்டி அல்லது ஏ.பி.ஆர்.எஸ்.எம். கிரேடுத் தேர்வுப் பாடம் என்று சேர்த்துக் கட்ட வேண்டும். அதே இ, ஏ, டி, ஜி சுருதியில் இருக்கும் பேஸ் கிட்டாரையும் சொல்லிக்கொடுப்பவருக்கே வாரம் நிறையும்.

கடைசியாக, பேஸ்

பெரியவர்கள் வாசிப்பது 3/4 அளவுதான். 4/4 என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். முழுக்கச் செதுக்கிய மரப் பேஸ் ஆடிஷனுக்கு. ஒட்டுப்பலகைப் பேஸ் வகுப்பறைக்கும் திருமண மேடைக்கும். செதுக்கிய மேற்பலகையும் ஒட்டுப்பலகை முதுகும் கொண்ட கலப்பு வகை இரண்டுக்கும் நடுவில். ஏ.சி. அறையிலிருந்து சென்னைக் காற்றுக்கும் திரும்பவும் ஏ.சி.க்கும் போய்வரும் செதுக்கிய பேஸ், பலகை ஒட்டிய இடத்தில் பிளக்கும். அந்த ஊரில் முதல் பேஸ் கலப்பு வகையாக இருப்பதே நல்லது.

வில் முடியில் தடவும் பிசினான ரோசினும் ஊரைப் பார்த்துத்தான். பாப்ஸ் என்ற வகை மிக மென்மையானது. மே மாதத்தில் காரில் விட்டால் இளகி டப்பாவை விட்டு வழிந்து வில் உறையில் ஒட்டிக்கொள்ளும். கோடைக்குச் சற்றுக் கடினமான கார்ல்சன் வகையை வைத்துக்கொண்டு, கட்டையிலிருந்து நுனி நோக்கி ஒரே திசையில் இரண்டு மூன்று தடவை மட்டும் தடவுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் ரோசின் முடியில் உருண்டை உருண்டையாகத் திரளும்.