டெய்ரி குயினா, கல்வர்ஸா?
அமெரிக்க நெடுஞ்சாலையோரத்தில் பர்கரும் குளிர் இனிப்பும் ஒரே கூரையின் கீழ் தரும் கடைகள் இவை.

டெய்ரி குயின் 1940-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில் தொடங்கியது. 1985-இல் வந்த பிளிசார்ட்தான் அதன் பெருமை; மிட்டாய், பிஸ்கட் துண்டுகள் கலந்த கெட்டியான ஐஸ்கிரீம் அது. கீழே விழாது என்று கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத் தருவார்கள். குழந்தைகளுக்கு அதுவே கொண்டாட்டம்.

கல்வர்ஸ் 1984-இல் விஸ்கான்சினின் சாக் சிட்டியில் பிறந்தது. அங்கே கிடைப்பது முட்டை மஞ்சள் கரு சேர்ந்த, ஐஸ்கிரீம் போல உறைந்த கஸ்டர்ட். உள்ளே கலந்த காற்று குறைவு என்பதால் அடர்த்தியாக, வழுவழுப்பாக இருக்கும். தினம் ஒரு சிறப்புச் சுவை வேறு. பர்கரை ஆர்டர் கொடுத்த பிறகுதான் சுடுகிறார்கள். எண் அட்டையை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தால் தட்டு நம்மைத் தேடி வரும். கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும், ஆனால் தாராளமாகக் காத்திருக்கலாம்.

பசியோடு வண்டியை நிறுத்தினால் என் ஓட்டு கல்வர்ஸுக்கே. பிள்ளைகளுக்கு இனிப்பு மட்டும் போதுமென்றால் டெய்ரி குயின்.