உப்புக்காற்றிலும் மாரி வெள்ளத்திலும் ஹாட்வெயார் வொலட்: நீண்டநாள் பாவனையில் தெரிந்தவை

ஹாட்வெயார் வொலட் என்பது பிட்கொயின் போன்ற கிரிப்டோ நாணயங்களின் இரகசியச் சாவியை வைத்திருக்கும் சின்னக் கருவி. அந்த வகையில் லெட்ஜர் நேனோ எஸ் பிளஸ், ட்ரெஸர் சேஃப் 3 இரண்டையும் மட்டக்களப்புக் கரையோரத்தில் நீண்டகாலம் பாவித்ததில், கருவிகள் பெரிதாகக் கரைச்சல் தரவில்லை. உண்மையான பொறுப்பு முழுவதும் அவை தரும் மீட்புச் சொற்களில் இருக்கிறது. கொயின் எதுவும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இல்லை. பிளொக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் இருப்பதை அசைக்கும் சாவிதான் உள்ளே இருக்கிறது, அந்தச் சாவி பிறப்பது சொற்களிலிருந்து. கருவி உடைந்தால் இன்னொன்றை வாங்கிச் சொற்களைப் போட்டால் போதும். சொற்கள் தொலைந்து கருவியும் பழுதானால் எவராலும் ஒன்றும் செய்ய ஏலாது. சொற்கள் பிறர் கையில் அகப்பட்டால் அவருக்குக் கருவியும் தேவையில்லை, கருவியைத் திறக்கும் பின் இலக்கமும் தேவையில்லை.

பழைய கருவியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். தயாரிப்பாளரிடமோ அவர்கள் அங்கீகரித்த விற்பனையாளரிடமோ எடுங்கள். வெளிநாட்டில் உள்ள உறவினர் மூலம் எடுப்பித்தாலும் அதே விதிதான். பெட்டியைத் திறக்கும்போது சொற்கள் ஏற்கெனவே அச்சிட்ட அட்டை இருந்தால் அது மோசடி. சொற்களைக் கருவி உங்கள் கண்முன்னே தன் திரையில் புதிதாக உருவாக்க வேண்டும். லெட்ஜர் வழமையாக 24 சொற்கள் தரும். ட்ரெஸரின் புதிய மாடல்கள் நாம் எதையும் மாற்றாமல் விட்டால் 20 சொற்கள் தருகின்றன. அது வேறு சொற்பட்டியல், லெட்ஜரில் போட்டு மீட்க முடியாது. பிற்காலத்தில் கருவி மாற்ற நினைத்தால் தொடக்கத்திலேயே 12 அல்லது 24 சொல் வகையைத் தெரிவு செய்வது நல்லது. 25ஆவது சொல் என்கிற கூடுதல் கடவுச்சொல்லைப் புதியவர்கள் தொட வேண்டாம். அதில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் கருவி பிழை என்று சொல்லாது, வெறுமையான வேறொரு வொலட்டைத் திறந்து காட்டும்.

இனிச் சொற்களை எழுதி வைக்கும் காகிதம். ஜெல் பேனை மை ஈரம் பட்டதும் பரவும். லமினேட் செய்தாலும் ஓரத்தால் தண்ணீர் புகும். கறையானும் இராமபாணப் பூச்சியும் அலுமாரிக்குள் செய்வதைச் சொல்லத் தேவையில்லை. 1978 சூறாவளியும் 2004 ஆழிப்பேரலையும் இந்தக் கரையில் எத்தனை காணி உறுதிகளைக் கொண்டுபோயின என்று எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் பென்சிலால் எழுதுங்கள், அது கரையாது. அதன் பிறகு உலோகத்துக்கு மாற்றுங்கள்.

வெல்டிங் கடையில் 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டை 10 சென்ரிமீற்றருக்கு 7 அளவில் வெட்டி, இடது மேல் மூலையில் ஒரு துளை போடச் சொல்லுங்கள். எது மேல்பக்கம் என்பதை அந்தத் துளை காட்டும். கடலுக்கு அண்மையில் என்றால் 304ஐ விட 316 தரம் நன்றாகத் தாங்கும். அலுமினியம் வேண்டாம், 660 பாகையில் உருகிவிடும், வீடு பற்றி எரிந்தால் மிஞ்சாது. வெட்டுவது மட்டும்தான் கடையில். சொற்களை வீட்டில் தனியே இருந்து அடிக்க வேண்டும். உலோகத்தில் எழுத்தைப் பதிக்கும் 4 மில்லிமீற்றர் பஞ்ச் செற் ஹாட்வெயார் கடையில் எடுக்கலாம். 12, 24 சொல் வகைக்கான பட்டியலில் உள்ள 2048 ஆங்கிலச் சொற்களையும் முதல் நான்கு எழுத்துகளாலேயே பிரித்தறியலாம் என்பதால் நான்கெழுத்து போதும். மூன்றெழுத்துச் சொல் வந்தால் நாலாம் இடத்தில் ஒரு புள்ளி. இடப்பக்க நிரலில் 1 முதல் 12, வலப்பக்கத்தில் 13 முதல் 24.

தகட்டின் கீழே கனத்த இரும்புத் துண்டு இருக்க வேண்டும். மேசையில் வைத்து அடித்தால் தகடு துள்ளி எழுத்து இரட்டையாக விழும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அடிபட அடிபட இறுகும் என்பதால் மெல்ல மெல்லத் தட்டாமல் கனமான சுத்தியலால் ஒரே அடி. ‘எம்’ஐத் தலைகீழாகப் பிடித்தால் ‘டபிள்யூ’, ‘என்’ஐச் சரித்துப் பிடித்தால் ‘இசட்’. ஆகவே ஒவ்வொரு பஞ்சையும் முதலில் கழிவுத் தகட்டில் அடித்துப் பார்த்துவிட்டு வையுங்கள்.

அடித்தது சரியா என்பதைக் கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம். சிறுதொகை ஒன்றை வொலட்டுக்கு அனுப்பி, வந்து சேர்ந்த பிறகு கருவிக்குள் பதிந்திருப்பதை முழுதாக அழியுங்கள். லெட்ஜரில் பின் இலக்கத்தை மூன்று தரம் பிழையாக அடித்தாலே அழிந்துவிடும். தகட்டை மட்டும் பார்த்து மீட்டெடுங்கள். அதே தொகை தெரிந்தால்தான் மிச்சத்தை அனுப்பலாம். பிட்கொயின் மீதி பூச்சியமாகத் தெரிந்தால் பதற வேண்டாம், கொயின் பெறும் முகவரியின் வகை மாறியிருக்கக்கூடும். 1இல் தொடங்குவது, 3இல் தொடங்குவது, ‘பிசி1’ (bc1) என்று தொடங்குவது மூன்றும் வெவ்வேறு கணக்குகள். சரியான வகையைச் சேர்த்தால் தெரியும்.

முகவரியைக் கணினித் திரையில் பார்ப்பது போதாது. கொப்பி செய்த முகவரியை மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. கருவியின் திரையில் வரும் முகவரியோடு முழுவதையும் ஒப்பிடுங்கள், முதல் நான்கும் கடைசி நான்கும் மட்டும் பார்த்தால் ஏமாறலாம். எங்கள் பக்கம் பலர் வைத்திருப்பது ட்ரோன் (TRON) என்ற பிளொக்செயின் வலையமைப்பில் உள்ள, டொலர் பெறுமதியோடு இணைத்த யூ.எஸ்.டி.டி நாணயம். அதை வொலட்டுக்கு எடுக்கும்போது அந்த வலையமைப்பின் சொந்த நாணயமான டி.ஆர்.எக்ஸும் சிறிது எடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் பிறகு யூ.எஸ்.டி.டியை வெளியே அனுப்பக் கட்டணம் கட்ட வழியிருக்காது. வாங்கும் வழியில் ஒரு கவனம்: 2021ஆம் ஆண்டின் பணிப்பின்படி கடன் அட்டை, டெபிட் அட்டையால் இதற்குப் பணம் செலுத்த அனுமதியில்லை என்று இலங்கை மத்திய வங்கி அறிவித்திருக்கிறது.

அன்றாடப் பாவனையில் அடிக்கடி வரும் முறைப்பாடு, கருவியின் திரை ஒளிர்கிறது, ஆனால் கணினிக்குத் தெரியவில்லை என்பது. பெரும்பாலும் கேபிள்தான் காரணம். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளில் தரவு போகாது. உப்புக்காற்று யூ.எஸ்.பி வாயைப் பச்சையாக்கும், அதனால் சிலிக்கா ஜெல் பொதியோடு இறுக்கமூடும் டப்பாவில் வையுங்கள். பற்றரி உள்ள லெட்ஜர் நேனோ எக்ஸ் மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் பற்றரி பலவீனப்படும். எடுத்து வைத்து மறந்துவிடும் ஆட்களுக்கு பற்றரி இல்லாத எஸ் பிளஸ் பொருத்தம்.

ஒரே சொற்களோடு இரண்டு தகடுகள் போதும். இரண்டும் ஒரே வெள்ளத்தில் அகப்படாத இடங்களில் இருக்க வேண்டும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஒன்று, மேற்கே படுவான்கரையில் ஒன்று என்று வைத்தால் மாரியில் இரண்டுமே தண்ணீருக்குள் போகக்கூடும். இரண்டாவதை வேறு மாவட்டத்தில் நம்பிக்கையானவரிடம், தைத்து சீல் வைத்த பொதியில் கொடுங்கள். வீட்டில் ஒருவருக்காவது தகடு என்னத்துக்கு, எந்தக் கருவி, எந்த வகைக் கணக்கு என்று தனித்தாளில் எழுதி வையுங்கள், அதில் சொற்களை எழுத வேண்டாம். அதே தாளில் இதையும் சேருங்கள்: கம்பனி ஆள் என்று கோல் எடுத்தாலும், வெளிநாட்டு மாமா வட்ஸ்அப்பில் கேட்டாலும், தகட்டைப் படமெடுத்து அனுப்பக் கூடாது.