சேற்றுக்கு ஆறு சக்கரம், சரிவுக்கு நான்கு: ஸ்டேங்கர் கரும்புத் தோட்டத்திலிருந்து

எங்கள் ஆறு சக்கர வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இது தண்ணீரில் மிதக்குமாமே?" என்பதைத்தான். மிதக்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் அதை ஓட்டிவரும் எனக்கு அது மிதப்பது பெரிதாகப் படவில்லை. நிலம் என்றும் சொல்ல முடியாமல், நீர் என்றும் சொல்ல முடியாமல் நடுவே கிடக்கும் சேற்றில் நிற்காமல் போகிறதே, அதற்குத்தான் அவ்வளவு பணம் கொடுத்தோம். கூடவே நான்கு சக்கரக் குவாட் பைக் ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் ஒரே தோட்டத்தில், ஒரே ஆட்கள் ஓட்டுகிறோம். அதனால் தைரியமாக ஒப்பிட்டு எழுதுகிறேன். வண்டிகளின் கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை; நான் சொல்லும் குணங்கள் பெரும்பாலும் அமைப்பைச் சேர்ந்தவை.

தோட்டம் தென்னாப்பிரிக்காவில், குவாசுலு-நடாலின் வடகடற்கரையில், ஸ்டேங்கருக்குப் பக்கத்தில். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்திறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவந்ததே கரும்புதான். எங்கள் குடும்பமும் இன்றுவரை அதை விடவில்லை. நிலத்தில் பாதி மூச்சு வாங்கவைக்கும் சரிவு. மீதி ஆற்றோரப் பள்ளம். நாணலும் கோரையும் மண்டி, அக்டோபரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம் முழுவதும் ஊறிக் கிடக்கும் இடம். இங்கே எல்லோரும் ஃபிளேய் என்று சொல்லும் சதுப்பு அது. பாசனப் பம்பு அந்தச் சதுப்புக்கு அப்பால் ஆற்றங்கரையில் இருக்கிறது. டிராக்டர் அங்கே போகாது, பக்கி என்று நாங்கள் சொல்லும் பிக்கப் வண்டியும் போகாது.

ஆறு சக்கர வண்டியைப் புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். குவாடைவிட அதற்கு வயது அதிகம். 1960களிலேயே கனடாவில் ஜிகர் என்ற ஆறு சக்கர வண்டி ஓடியது. 1967இல் ஆர்கோ வந்தது. ஹோண்டா, குவாடுக்கு முன்னோடியான தன் மூன்று சக்கர வண்டியை 1970இல்தான் விற்கத் தொடங்கியது. சுசுகி நான்கு சக்கரக் குவாடைக் கொண்டுவந்தது 1980களின் தொடக்கத்தில். கனடாவின் ஏரிகளுக்கும் சதுப்புகளுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் என்று உருவான அமைப்பு, இன்றைக்கும் அடிப்படையில் மாறவில்லை. ஒரு தொட்டி, அதற்குள் எஞ்சின். தொட்டிக்குள்ளேயே ஓடும் செயின்கள் ஒவ்வொரு அச்சையும் சுழற்றும். சஸ்பென்ஷன் கிடையாது, காற்றுக் குறைந்த தடித்த டயர்தான் அதிர்வைத் தாங்க வேண்டும். முன்சக்கரம் திரும்பாது. ஒரு பக்கத்து மூன்று சக்கரங்களுக்குப் பிரேக் கொடுத்தால், மறுபக்கத்து மூன்றும் முந்திச் சென்று வண்டியைத் திருப்பும்.

சேற்றில் இந்த வண்டி ஏன் ஜெயிக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்கிறவர்கள் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை. டயரின் காற்றழுத்தம்தான் ரகசியம் என்பார்கள். காரில் 30 பிஎஸ்ஐ அளவில் வைக்கிறோம். இந்த வண்டியில் 5 அல்லது அதற்கும் கீழே. உண்மைதான். ஆனால் குவாடின் டயரிலும் கிட்டத்தட்ட அதே குறைந்த அழுத்தம்தான். வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. குவாடின் நான்கு சக்கரங்கள் குழைந்த சேற்றில் பிடி கிடைக்காமல் சுழலத் தொடங்கினால் கீழ்நோக்கித் தோண்டும். தோண்டத் தோண்ட இறங்கி, கடைசியில் சட்டம் சேற்றில் உட்கார்ந்துவிடும். சக்கரங்கள் வெறுமனே சுழலும், வண்டி அசையாது. ஆறு சக்கர வண்டியில் டயர்கள் நெருங்கி அடுத்தடுத்து இருப்பதால், ஒன்று பள்ளத்தில் விழும்போது மற்ற இரண்டு கெட்டியான இடத்தில் பிடித்துக்கொள்ளும். மூன்றும் இறங்கிவிட்டாலும் பிரச்சினை இல்லை. வழவழப்பான பிளாஸ்டிக் அடிப்பாகம் சேற்றின்மேல் பரிசல் போலப் படுத்துவிடும்; சக்கரங்கள் துடுப்பு வேலையைச் செய்யும். மேலும் இறங்க வழியே இல்லை. மிதக்கும் திறன் உண்மையில் பயன்படுவது இங்கேதான். அடியில் எவ்வளவு ஆழம் என்று தெரியாத சேற்றில் பயமில்லாமல் இறங்கலாம்.

பம்புக்குப் போகும் வழியில் ஓர் இடம் இருக்கிறது. மேலே பச்சைக் கோரை, பார்த்தால் புல்தரை. காலை வைத்தால் இடுப்பு வரை இறங்கும். குவாட் மட்டும் இருந்த காலத்தில் அந்த இடத்துக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்பேனர், ஃபுட்வால்வு, டீசல் கேன் எல்லாவற்றையும் இரண்டு பேர் தோளில் சுமந்து சுற்றிப் போவார்கள். இப்போது உதிரிப் பம்பையும் ஹோஸ் குழாய்ச் சுருளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஆட்களும் உட்கார்ந்தபடியே நேராகக் கடக்கிறார்கள். வாங்கும்போது அண்ணன், "தம்பி, பம்புக்குப் போக ஒரு வண்டி, மற்ற வேலைக்கு ஒரு வண்டி என்றால் கட்டுப்படியாகுமா?" என்று கேட்டார். கட்டுப்படியாகியிருக்கிறது. கரும்பு தண்ணீருக்குக் காயும் வாரத்தில் பம்பு நின்றுபோனால் என்ன நஷ்டம் என்பது விவசாயம் செய்கிறவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு நன்மையையும் சொல்ல வேண்டும். நடாலின் கடற்கரை ஆறுகளிலும் தேங்கிய நீரிலும் பில்ஹார்சியா என்ற நோய் உண்டு. நத்தையிலிருந்து வெளிவரும் புழு, நீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். நாள் முழுவதும் சதுப்பில் கால் நனைய வேலை செய்தவர்களுக்குச் சிறுநீரில் இரத்தம் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரை இருக்கிறது; ஆனால் மறுபடி நீரில் இறங்கினால் மறுபடி வரும். குவாடில் போகிறவரின் கால் நனையாமல் இருக்காது. ஆறு சக்கர வண்டியில் தொட்டிக்குள் உட்கார்ந்து போகிறார், காய்ந்த காலோடு திரும்புகிறார். வேலையாட்களின் உடம்பை நினைத்தால் இந்த ஒன்றுக்காகவே அந்தப் பணத்தை மறுபடியும் கொடுப்பேன்.

சரிவுக்கு வந்தால் குவாட்தான் ராஜா. விடியற்காலையில் மேட்டு வயல்களைச் சுற்றிப் பார்க்க, கரும்பைத் துளைக்கும் எல்டானா புழு விழுந்திருக்கிறதா என்று தட்டைகளைப் பிளந்து பார்க்க, தீத்தடுப்புப் பாதையை ஒரு நடை பார்த்துவர, குவாடை விட்டால் ஆளில்லை. சஸ்பென்ஷன் இருப்பதால் முதுகு வலிக்காது. கட்டைவிரலால் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தினால் போதும், வேண்டிய அளவுக்கு மட்டும் போகும். ஆறு சக்கர வண்டி இறுகிய காய்ந்த தடத்தில் எலும்பை உலுக்கும். மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டுவதற்கே திணறும். அதற்கு மேல் ஓட்டவும் மனம் வராது.

கரும்புக்காரர்களுக்கு இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. ஆறு சக்கர வண்டி திரும்பும்போது டயர்கள் பக்கவாட்டில் அரைத்துக்கொண்டு திரும்பும். ஈரமான வயல் ஓரத்தில் இறுக்கித் திருப்பினால் புல்லை வேரோடு உரித்துவிடும். வெட்டிய பின் மறுபடி துளிர்க்கும் மறுதாம்புத் தூர் மீது திருப்பினால் தூரையே பெயர்த்துவிடும். ஒருமுறை நட்டு ஆண்டுக்கணக்கில் வெட்டியெடுக்கும் கரும்பில் ஒரு தூர் போனால் அந்த இடம் மறு நடவு வரை வெறுமையாகத்தான் கிடக்கும். அதனால் எங்கள் தோட்டத்தில் கண்டிப்பான விதி இருக்கிறது: ஆறு சக்கர வண்டி சால்களுக்குள் நுழையாது, சரிவில் மழைநீர் வடிய விட்டிருக்கும் புல்வழியில் திரும்பாது. நேரே போய், அகலமாக வளைந்து வர வேண்டும். சதுப்பில்கூட ஒரே தடத்தில்தான் போகிறோம். அந்தக் கோரையும் நாணலும்தான் வெள்ளத்தின் வேகத்தைத் தடுத்து எங்கள் மண்ணைக் காப்பாற்றுகின்றன.

இனி, ஓடும் நீரில். டயரின் பட்டைகளே நீரைத் தள்ள வேண்டியிருப்பதால், நீரில் இதன் வேகம் மனிதர் நடக்கும் வேகத்தைத் தாண்டாது. தேங்கிய குட்டையில் அது போதும். ஓடும் ஆற்றில் நீரோட்டம் அதைவிட வேகமாக இருந்தால், நீங்கள் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஆறு இழுக்கும் பக்கம்தான் போவீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் பகுதியில் ஒரே நாளில் சில இடங்களில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டியது. 400க்கும் அதிகமானோர் இறந்தார்கள். "உங்களிடம்தான் மிதக்கும் வண்டி இருக்கிறதே" என்று அப்போது எங்களிடம் கேட்டவர்கள் உண்டு. இறக்கவில்லை. மரங்களும் கூரைத் தகடுகளும் மிதந்துவரும் பழுப்பு வெள்ளத்தில் இதை இறக்குவது ஓட்டுகிறவரையும் கூட உட்காருகிறவரையும் கொல்வதற்குச் சமம். விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே மிஞ்சும் உயரம் அவ்வளவு குறைவு. நீரில் ஏற்றக்கூடிய எடை நிலத்தில் ஏற்றுவதைவிடக் குறைவு என்று கையேட்டிலேயே தனியாக எழுதியிருக்கும். அதை மீறவே கூடாது. துகேலா ஆற்றுக்கு வடக்கே முதலையும் நீர்யானையும் உள்ள பகுதிகளில் இருப்பவர்கள் நீரில் இறக்கும் யோசனையையே விட்டுவிட வேண்டும்.

பராமரிப்பில்தான் இந்த வண்டி ஆளைச் சோதிக்கிறது. குவாடுக்கு ஆயில் மாற்றி, ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, பிரேக்கைப் பார்த்தால் பெரும்பாலும் முடிந்தது. ஆறு சக்கர வண்டியில் ஒவ்வோர் அச்சும் தொட்டியைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் ஒரு பேரிங், ஒரு சீல் இருக்கிறது. நாணல் நாரும் ஆகாயத்தாமரை வேரும் சக்கரத்துக்கும் தொட்டிக்கும் நடுவே சுற்றிக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கையை உள்ளே விட்டால் கயிறு முறுக்கியது போல இறுகிக் கிடக்கும். அதைக் கத்தியால் அறுத்து எடுக்காமல் விட்டால் சீலை அரித்துவிடும். பிறகு நீர் பேரிங்குக்குள் போகும், அங்கிருந்து தொட்டிக்குள்ளும் போகும். ஒவ்வொரு முறை நீரிலிருந்து ஏறியதும் நாரை அறுப்பது, கிரீஸ் கன்னை வைத்து அழுத்துவது என்று வழக்கப்படுத்தியிருக்கிறோம். முதலில் சாம்பல் நிறத்தில் சேறு கலந்த பழைய கிரீஸ் பிதுங்கும். சுத்தமான புதுக் கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை அழுத்த வேண்டும். ஆறு சக்கரத்துக்கும் இப்படித்தான். அடுத்து அடியிலுள்ள வடிகால் அடைப்பானைத் திறந்து உள்ளே சேர்ந்த நீரை வடிக்க வேண்டும். மறுபடி இறக்குமுன் அதை இறுக்கியாயிற்றா என்று வேறொருவரும் பார்க்க வேண்டும். செயின்களின் தொய்வையும் பார்க்க வேண்டும். அதற்குத் தரைப்பலகையைக் கழற்ற வேண்டும், குனிய வேண்டும், கை கறுக்கும். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் தயவுசெய்து இந்த வண்டியை வாங்காதீர்கள். செயின் அறுந்து சதுப்பின் நடுவில் நின்றால், அதை இழுக்க வரும் வண்டி எதுவும் அங்கே வர முடியாது. வின்ச்சும் நீளமான கயிறும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

உதிரி பாகம் இன்னொரு தொல்லை. குவாடுக்கு ஸ்டேங்கரிலேயே எல்லாம் கிடைக்கும். ஆறு சக்கர வண்டியின் சீல் ஒன்றுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தோம். விற்றவர்கள் போனை எடுப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். இப்போது சீல், பெல்ட், செயின் இணைப்பு மூன்றையும் முன்கூட்டியே வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறோம். விலையும், ஒரு நல்ல குவாடைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். குவாட் கவிழும். சரிவில் குறுக்காகப் போகும்போதும், பின்னால் மருந்துத் தொட்டியை ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போதும் கவிழும். கவிழ்ந்தால் ஓட்டியவர் மீதே விழும். ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபரிலிருந்து, ஓட்டுபவரைக் காக்கும் வளைவுக் கம்பி போன்ற அமைப்பு இல்லாமல் புதிய பண்ணைக் குவாடை விற்க முடியாது. எங்கள் குவாடுக்கும் பின்னால் அந்தக் கம்பியைப் பொருத்தியிருக்கிறோம். ஹெல்மெட் இல்லாமல் சாவி தருவதில்லை. குவாட் ஒருவருக்கான வண்டி; அதில் இன்னொருவரை ஏற்றுவதில்லை. ஆறு சக்கர வண்டி அகலமானது, அடி தாழ்ந்தது, எடையும் கீழே இருக்கிறது. அதனால் எளிதில் சாயாது. புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்களிடம் முதலில் அதைத்தான் கொடுத்துப் பழக்குகிறோம்.

எந்த வண்டியானாலும் கடற்கரை மணலில் ஓட்டலாம் என்று யாரும் திட்டமிட வேண்டாம். பொழுதுபோக்குக்காகக் கடற்கரையில் வண்டி ஓட்டுவதை 2001 டிசம்பரில் வெளியான விதிகள் தடுத்துவிட்டன. இந்த மாகாணத்தின் வடகோடியில் ஆமைகள் முட்டையிடும் கரை உண்டு, நல்ல விதி.

பழைய ஆறு சக்கர வண்டியை வாங்குகிறவர்கள் பெயிண்டையும் டயரையும் பார்த்து விலை பேசாதீர்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பேரிங் போயிருக்கிறது. தரைப்பலகையைக் கழற்றச் சொல்லி செயினில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு பக்கத்தில் உள்ள குட்டையில் கால் மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். கரையேறியதும் வடிகாலைத் திறந்து, அடியில் ஒரு வாளி வையுங்கள். வாளியில் விழும் நீரைப் பார்த்த பிறகு விலையைப் பேசுங்கள்.